சுவரைத்தான் உடைச்சாச்சே... வயரையும் மாத்தக் கூடாதா?

சாரல் சீசனில் ஐந்தருவிக்குப் போயிருக்கிறீர்களா? போகும்போது எல்லோரும் அருவியைத்தான் பார்ப்பார்கள். குளித்துவிட்டுத் திரும்பும்போதுதான் பசி கண்ணைத் திறக்கும். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் என்று வரிசையாகப் பழக்கடைகள் தெரியும். தலையில் ஈரம் சொட்டச் சொட்ட, ‘கிலோ எவ்வளவு?’ என்று கேட்டுக்கொண்டே நாமும் இரண்டு பழத்தை அமுக்கிப் பார்ப்போம்.

அப்படி நான் அமுக்கிப் பார்த்த கடையில் ஓர் அக்கா. ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். இடது கையால் பழம் அள்ளுகிறார். இடது கையால் தராசில் கொட்டுகிறார். பையின் ஒரு காதைப் பல்லால் கவ்விக்கொண்டு, இன்னொரு காதை இடது கையால் இழுத்து முடிச்சுப் போடுகிறார். வலது கை, சேலை முந்தானைக்குள் சும்மா கிடக்கிறது.

"கையில என்னக்கா?"

"வாதம் அடிச்சிட்டு தம்பி. பீடி சுத்துன கை. ஒருநா காலைல இலை வெட்டிக்கிட்டு இருக்கேன், கத்திரி நழுவிட்டு. எடுக்கலாம்னு குனியுதேன், கை வரல. வாய் ஒரு பக்கமா இழுத்துட்டுன்னு மருமவ கத்துதா..."

சரி, சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ என்று நினைத்தேன். இல்லையாம். "ஆர்ட்ல வால்வு ஆபரேசன் பண்ணி ஒண்ணரை வருசம் தம்பி. அது நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதாங்க. அப்புறம் ஏன் இது வந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல."

இந்தக் கேள்விதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. வால்வு நல்லாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் வந்தது?

மஞ்சப்பையில் ஃபைல் வைத்திருந்தார். நம் ஊரில் ஏழைகளின் மருத்துவ வரலாறு முழுக்க மஞ்சப்பையில்தானே இருக்கிறது! நான் படித்தது பி.காம். டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும், ஈ.சி.ஜி. தெரியாது. ஆனால், ஃபைல் படிப்பது பத்திரிகைக்காரனின் பிழைப்பு. படித்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். ஓர் ஆஸ்பத்திரியைத் திட்டி முடிக்கிற சமாசாரம் இல்லை இது.

முதல் பக்கத்தில் நோயின் பெயர்கள் இருந்தன. ‘ருமாட்டிக் இதய நோய்’, ‘மைட்ரல் வால்வு சுருக்கம்’, மூன்றாவதாக ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.’ அடுத்த பக்கத்தில் செய்த சிகிச்சை. ‘மைட்ரல் வால்வு மாற்றம், திசு வால்வு.’ அவ்வளவுதான். மூன்றாவது நோய்க்கு ஆபரேஷன் டேபிளில் என்ன செய்தார்கள்? ஒரு வரி இல்லை. கடைசிப் பக்கத்தில் மாத்திரைப் பட்டியலில் மட்டும் அது ஒளிந்துகொண்டிருக்கிறது.

பொறுங்கள், முதலில் இந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற ஆசாமி யாரென்று பார்த்துவிடலாம். டாக்டர்கள் சுருக்கமாக ‘ஏ.எஃப்.’ என்பார்கள்.

உங்கள் மணிக்கட்டில் விரலை வைத்துப் பாருங்கள். டக்... டக்... டக்... ஒரே சீராக வருகிறதா? இதயத்தின் மேலறையில் ஓர் இடத்திலிருந்து கரன்ட் கிளம்பி, ஒரே பாதையில் கீழே இறங்குவதால் வரும் சீர் அது. ஏ.எஃப். வந்தவருக்கு அந்தக் கரன்ட் ஒரு பாதையில் போகாது. ஐந்தருவியில் தண்ணீர் பாறையில் மோதி ஐந்தாகப் பிரிகிறதே... அங்கே ஐந்து. இங்கே ஐம்பதோ நூறோ! நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் மேலறையில் கரன்ட் அடிக்கும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து மேலறையால் சுருங்க முடியாது. சும்மா நடுங்கிக்கொண்டு நிற்கும். நாடி பிடித்துப் பார்த்தால் டக்... டக்டக்... ... டக்... என்று தாளம் கெட்ட தவில் மாதிரி வரும்.

நடுங்கினால் என்ன, ரத்தம்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே என்கிறீர்களா? அங்கேதான் விஷயம். இடது மேலறையின் ஓரத்தில், கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னப் பை தொங்குகிறது. அறை ஒழுங்காகச் சுருங்கும்போது அந்தப் பையிலும் ரத்தம் போகும், வரும். அறை நடுங்க ஆரம்பித்தால் பையில் ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்த கட்டி ஒரு நாள் பிய்த்துக்கொண்டு கிளம்பினால் அதற்கு இரண்டு, மூன்று ஊர்களுக்கு டிக்கெட் உண்டு. அதில் முக்கியமான ஊர், மூளை.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்காம் என்றொரு ஊர். அந்த ஊர்க்காரர்களின் இதயத்தை 1948-லிருந்து தலைமுறை தலைமுறையாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். 1978-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது. ஏ.எஃப். இருப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, இல்லாதவரைவிட ஐந்து மடங்குக்கும் மேல். அதுவே ருமாட்டிக் வால்வு நோயோடு சேர்ந்த ஏ.எஃப். என்றால் பதினேழு மடங்கு!

அந்தப் பதினேழு மடங்கு ஆசாமிகள் அமெரிக்காவில் இன்றைக்கு அபூர்வம். நம் ஊரில் அப்படியில்லை. சின்ன வயதில் தொண்டை வலி, காய்ச்சல். ஒரு பாக்டீரியாவின் வேலை. பத்து நாளில் சரியாகிவிடும். பிறகு மூட்டு வீங்கும், அதுவும் சரியாகிவிடும். ஆனால், அந்தக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, ஆள் மாறி இதய வால்வையே தாக்கத் தொடங்கியிருக்கும். இருபது வருடம் கழித்துத்தான் மூச்சு வாங்கும். நெருக்கமான வீடுகளில், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற இடங்களில் பரவுகிற வியாதி இது. பெண்களுக்குத்தான் அதிகம். சரியான நேரத்தில் பென்சிலின் போட்டு, அதற்குப் பிறகும் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி விடாமல் போட்டிருந்தால் பலருக்கு ஆபரேஷன் வரைக்கும் வந்திருக்கவே வராது. அது தனிச் சண்டை. இன்னொரு வாரம் போடலாம்.

இப்போது அக்கா கதைக்கு வருவோம். வால்வில் இரண்டு வகை. ஒன்று மெட்டல் வால்வு. நீடித்து உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் ‘அசிட்ரோம்’ அல்லது ‘வார்ஃபரின்’ மாத்திரை சாப்பிட வேண்டும். மாதா மாதம் ‘ஐ.என்.ஆர்.’ என்று ரத்தப் பரிசோதனை. அளவு குறைந்தால் உறையும், கூடினால் உள்ளே கசியும். ஒரு வாரம் முருங்கைக்கீரை கூடுதலாகச் சாப்பிட்டாலே அளவு ஆடிப்போகும். (வார்ஃபரின் முதலில் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது என்பது சும்மா ஒரு தகவல்.) இன்னொன்று, மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்கிற திசு வால்வு. பத்து, பதினைந்து வருடம் உழைக்கும். ஆனால், முதல் மூன்று மாதம் போல அசிட்ரோம் சாப்பிட்டால் போதும் என்பது அதன் பெரிய சௌகரியம்.

அக்காவுக்குத் திசு வால்வைத் தேர்ந்தெடுத்தது ஏன்? "நீங்க பீடி சுத்துற ஆளு, மாசா மாசம் டவுனுக்கு வந்து ரத்தம் எடுக்கச் சிரமம், இது வச்சா மாத்திரை தொல்லை இல்ல" என்று ஆபரேஷனுக்கு முன்னால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஏ.எஃப். உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கிறதே! அது இருக்கிற வரைக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஃபைலின் கடைசிப் பக்கத்தில், ஆங்கிலத்தில், ‘அசிட்ரோம் தொடரவும்’ என்றுதான் எழுதியிருக்கிறது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. மாத்திரை தீர்ந்தது. ‘மூணு மாசம்தானே சொன்னாங்க’ என்று விட்டுவிட்டார்.

அந்தச் சௌகரியத்துக்காகத்தான் திசு வால்வே வைத்தார்கள். அந்தச் சௌகரியத்தைக் கெடுக்கும் ஏ.எஃப்.பை மட்டும் தொடாமல் விட்டுவிட்டார்கள். இது எந்த ஊர் நியாயம்?

‘தொடாமல் விட்டார்கள் என்றால், தொட்டிருக்க முடியுமா?’ என்று கேட்பீர்கள். முடியும். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகவே முடியும்.

1987 செப்டம்பர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம், பார்ன்ஸ் மருத்துவமனை. ஜேம்ஸ் காக்ஸ் என்ற சர்ஜன், ஏ.எஃப். வந்த ஒருவரின் மேலறைகளைக் கணக்குப் போட்டு அங்கங்கே வெட்டித் திரும்பத் தைத்தார். பைத்தியமா அந்த ஆள்? இல்லை. தைத்த இடத்தில் தழும்பு வரும். தழும்பு வழியாகக் கரன்ட் பாயாது. ‘சிறுவர் மலர்’ பக்கத்தில் ‘முயல் கேரட்டைச் சாப்பிட வழி காட்டுங்கள்’ என்று ஒரு புதிர் வருமே... எந்தப் பக்கம் போனாலும் சுவர், ஒரே ஒரு பாதைதான் கேரட்டுக்குப் போகும். அதே கதைதான். தழும்புகளால் சுவர் கட்டி, கரன்ட்டுக்கு ஒரே ஒரு பாதையை மட்டும் விட்டுவைத்தார் காக்ஸ். சிகிச்சையின் பெயரும் அதேதான்... ‘மேஸ்’, அதாவது புதிர்ப்பாதை. 2002 வாக்கில் கத்திக்குப் பதிலாக ரேடியோ அலையால் சுட்டும், கடுங்குளிரால் உறையவைத்தும் அதே தழும்புகளைப் போடும் முறை வந்தது. நேரம் குறைந்தது, ரத்தக் கசிவு குறைந்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். மைட்ரல் வால்வை மாற்ற வேண்டும் என்றால் நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டும். இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை மெஷினுக்குத் திருப்ப வேண்டும். இடது மேலறையைத் திறக்க வேண்டும். திறந்தாயிற்று. அந்த நடுங்குகிற அறை சர்ஜனின் கண் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தச் சின்னப் பையும் அங்கேயே இருக்கிறது.

நம் வீட்டில் கதவு மாற்ற சுவரை உடைக்கிறோம் என்று வையுங்கள். உள்ளே வயரெல்லாம் தீய்ந்து கிடப்பது தெரிகிறது. கொத்தனார் என்ன சொல்வார்? "சார், சுவரைத்தான் உடைச்சாச்சே... எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரையும் மாத்திடுங்க, பூசிட்டா அப்புறம் முடியாது" என்பார். எட்டாங்கிளாஸ் தாண்டாத கொத்தனாருக்குத் தெரிகிற கணக்கு இது!

சர்ஜன்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அமெரிக்க நெஞ்சறை அறுவை நிபுணர்கள் சங்கம் 2017-லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. மைட்ரல் ஆபரேஷன் செய்யும்போது ஏ.எஃப். இருந்தால், அதற்கும் சேர்த்துச் சிகிச்சை செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய முதல் தரப் பரிந்துரை. ‘செய்தால் நல்லது’ இல்லை, ‘செய்யுங்கள்.’

எனக்கு ஒரு சர்ஜன் நண்பர் இருக்கிறார். பெயர் போட்டால் கொன்றுவிடுவேன் என்றார். அவரிடம் ஐந்தருவி ஃபைலை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

"யோவ், பேனா இருக்குன்னு எழுதிடாத" என்று ஆரம்பித்தார். "ருமாட்டிக் பேஷன்ட் எங்ககிட்ட வரும்போது மேலறை பலூன் மாதிரி ஊதியிருக்கும். பத்து வருஷமா ஏ.எஃப். இருக்கும். சுவரெல்லாம் தழும்பு. அங்க மேஸ் பண்ணினா வெள்ளைக்காரனுக்கு வர்ற ரிசல்ட் வராது. இதயம் தளர்ந்துபோய் வர்ற ஆளை அரை மணி நேரம் கூடுதலா மெஷின்ல வைக்கிறது விளையாட்டா?"

நியாயமான பேச்சு. மறுக்கவில்லை. எல்லோருக்கும் செய்யுங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ருமாட்டிக் நோயாளிகளிடமே இந்தச் சிகிச்சையைச் செய்து பார்த்து, பலருக்குத் தாளம் திரும்பியதை மருத்துவ இதழ்களில் எழுதியவர்களில் நம் இந்திய சர்ஜன்களும் இருக்கிறார்கள். ‘எல்லோருக்கும் பலிக்காது’ என்பது ‘யாருக்கும் செய்யாதே’ என்று எப்போது மாறியது?

"பேஸ்மேக்கர் தேவைப்படும்யா."

இதுவும் உண்மை. 2015-ல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 260 மைட்ரல் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு சோதனை நடத்தி வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு வால்வோடு ஏ.எஃப். சிகிச்சையும் உண்டு. இன்னொரு குழுவுக்கு வால்வு மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், சேர்த்துச் செய்தவர்களில் 63 சதவிகிதம் பேருக்கு ஏ.எஃப். இல்லை. வால்வு மட்டும் செய்தவர்களில் 29 சதவிகிதம் பேருக்குத்தான் இல்லை. சாவு எண்ணிக்கையில் சொல்லும்படி வித்தியாசமில்லை. ஆனால் சேர்த்துச் செய்தவர்களுக்கு பேஸ்மேக்கர் தேவைப்பட்டது இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு வருடத்துக்குள் பக்கவாதம் குறைந்ததாகவும் அந்தச் சோதனை காட்டவில்லை. மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

ஆனால் அதே சோதனையில் ஒரு சங்கதி இருக்கிறது. நண்பரிடம் அதைத்தான் கேட்டேன். ‘வால்வு மட்டும்’ குழுவிலும், அத்தனை பேருக்கும், அந்தச் சின்னப் பையை அடைத்துவிட்டுத்தான் நெஞ்சை மூடினார்கள். ஏ.எஃப். சிகிச்சை செய்யாத குழுவுக்கே அதுதான் குறைந்தபட்ச மரியாதை! அக்காவுக்கு அந்தப் பையை அடைத்தார்களா? ஃபைலில் இல்லையே?

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்தப் பை விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமே வைக்காமல் 2021-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கனடாவின் ஹாமில்டன் நகர டாக்டர்கள் முன்னின்று நடத்தியது. 27 நாடுகள், சுமார் 4,800 நோயாளிகள். எல்லோருக்கும் ஏ.எஃப்., எல்லோருக்கும் ஏதோவொரு இதய ஆபரேஷன். பாதிப் பேருக்குப் பையை அடைத்தார்கள், பாதிப் பேருக்கு விட்டுவைத்தார்கள். சராசரியாக நாலு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கவனித்தபோது, விட்டுவைத்தவர்களில் 7 சதவிகிதம் பேருக்குப் பக்கவாதமோ, வேறு உறுப்பில் அடைப்போ வந்தது. அடைத்தவர்களில் 4.8 சதவிகிதம். மூன்றில் ஒரு பங்கு ஆபத்து குறைந்துவிட்டது. அதுவும் எப்படி? இரண்டு பக்கமும் பெரும்பாலானவர்கள் ரத்த உறைவு மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே! மாத்திரை கொடுத்த பாதுகாப்புக்கு மேல் இது போனஸ்.

ஆக, ‘மாத்திரைதான் கொடுக்கிறோமே’ என்கிற சமாதானமும் போயிற்று.

அடைக்க என்ன வேண்டும்? வெளிநாட்டு கிளிப் எல்லாம் இருக்கிறது, விலையும் இருக்கிறது. அது இல்லாவிட்டால், பையை வெட்டி எடுத்துவிட்டு வாயைத் தைக்கலாம். அதற்கு வேண்டியது நூல், ஊசி, சில நிமிடங்கள், கவனம். கவனம் முக்கியம், ஏனென்றால் அரைகுறையாக அடைத்த பை ஆபத்து. மற்றபடி அந்த மேஜையில் நூலும் ஊசியும் ஏற்கெனவே இருக்கின்றன, சார்!

பத்திரிகைக்காரப் புத்தி சும்மா இருக்குமா... இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பையை அடைத்தாலே தீர்ந்தது என்று அசிட்ரோமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாதாரண ஏ.எஃப்.பில் கட்டி பெரும்பாலும் பையில்தான் உண்டாகும். ருமாட்டிக் ஆசாமிகளுக்கு மேலறையின் மற்ற இடங்களிலும் உண்டாகும், பையில் உண்டாவது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனை தேவையில்லாத புது மாத்திரைகள் வந்துவிட்டன என்று யாராவது சொன்னாலும் நிதானியுங்கள். டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் முக்கியப் பங்கு வகித்த ஒரு பன்னாட்டு ஆய்வு 2022-ல் வந்தது. 24 நாடுகளில், ருமாட்டிக் நோயும் ஏ.எஃப்.பும் சேர்ந்த 4,500 பேர். புது மாத்திரையைவிடப் பழைய வார்ஃபரின் வகைதான் ஜெயித்தது. அதாவது, பணக்கார நாட்டு நோயாளிக்குக் கிடைத்த விடுதலை, நம் பீடிக்கார அக்காக்களுக்குக் கிடைக்கவில்லை. ரத்தப் பரிசோதனையோடுதான் அவர்கள் காலம் தள்ள வேண்டும். அப்படியிருக்க, டேபிளில் படுத்திருக்கும்போதே தாளத்தைச் சரிசெய்ய ஒரு முயற்சி செய்வது யாருக்கு மற்ற எல்லோரையும்விட அவசியம்? இவர்களுக்குத்தானே? இவர்களுக்குத்தான் அது கிடைக்காமல் போகிறது!

நண்பர் கடைசியாகத்தான் உண்மையான காரணத்தைச் சொன்னார். "பேக்கேஜ்."

இங்கேதான் என் பி.காம். புத்தி விழித்துக்கொண்டது.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், இந்தத் திட்டங்கள் இல்லையென்றால் ஐந்தருவி அக்கா போன்றவர்கள் வால்வு ஆபரேஷனைக் கனவில்தான் பார்த்திருப்பார்கள். கும்பிட வேண்டிய திட்டம். ஆனால், எந்தக் காப்பீடாக இருந்தாலும், ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கட்டிவிடுவதுதான் வழக்கம். அந்தத் தொகைக்குள்தான் வால்வு, மருந்து, படுக்கை எல்லாம். "அதுக்குள்ள மேஸ் கருவியையும் வாங்குன்னா எங்க போறது? ஒரு தடவை உபயோகிச்சுட்டுத் தூக்கிப் போடுற இம்போர்ட்டட் சாமான். ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் தனியா எழுதி, விளக்கி, அனுமதி வாங்கி... அதுக்குள்ள அடுத்த கேஸ் வெளிய காத்திருக்கும்யா" என்கிறார் நண்பர்.

கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவைக் காட்டாமல் விட்டால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடாது. வேறு ஒருவரின் புத்தகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்பத்திரிப் பேரேட்டில் அக்கா ‘வெற்றிகரமாக முடிந்த வால்வு ஆபரேஷன்.’ காப்பீட்டுப் பேரேட்டில் ‘செட்டில் ஆன கிளெய்ம்.’ மூன்றாவதாக ஒரு பேரேடு இருக்கிறது. பக்கவாதத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள், பிசியோதெரபி, வேலைக்குப் போகாமல் கூட இருந்த மருமகளின் கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வந்துகொண்டிருந்த வருமானம், அப்புறம் அந்த வலது கை. இந்தப் பேரேட்டை எந்த ஆடிட்டர் பார்க்கிறார்? அரசாங்கம் இதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், அந்த ‘கூடுதல் செலவு’ கூடுதலா, மிச்சமா என்று தெரிந்துவிடும்.

கருவி விலை ஜாஸ்தி என்றால் மலையைத் தாண்டிப் பாருங்கள் என்பேன். ஐந்தருவிக்குப் பின்னால் இருக்கிற மலையைத்தான் சொல்கிறேன். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் சீமை. எல்லைக்கோடு மாறியும், தென்காசி, செங்கோட்டை ஜனங்கள் பெரிய வியாதி என்றால் ஆரியங்காவு கணவாய் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுவதை இன்னும் விடவில்லை. அங்கே ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டு வால்வை வாங்க முடியாமல் நோயாளிகள் சாவதைப் பார்த்த எம்.எஸ்.வலியத்தான் என்கிற சர்ஜன், ‘நாமே செய்வோம்’ என்று அங்கே உட்கார்ந்தார். ஒன்றன்பின் ஒன்றாக மாடல்கள் தோற்றன. விடவில்லை. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. நிறுவனம் தயாரிக்க, ‘சித்ரா வால்வு’ இதுவரை லட்சம் பேருக்கு மேல் நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கிறது. வலியத்தான் 2024-ல் காலமானார். வால்வையே செய்த நாட்டுக்கு, சூடு வைக்கிற ஒரு கருவியை மலிவாகச் செய்ய வக்கில்லையா? கருவியே இல்லாமல், காக்ஸ் செய்தது போல வெட்டித் தைத்தாலும் நடக்கும். நேரமும் கைத்திறனும் அதிகம் வேண்டும், அவ்வளவுதான்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். அந்தப் பட்டியலில் தென்காசி இல்லை. இதயத்தைத் திறக்க வேண்டுமென்றால் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். இரண்டாம் முறை பஸ் ஏற இவர்களால் முடியாது என்பதால்தான், முதல் முறையிலேயே எல்லாவற்றையும் முடியுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எல்லோருக்கும் மேஸ் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்குகிறீர்களே ஒரு காகிதம், அதில் தமிழில் நாலு வரி சேருங்கள். இவருக்கு ஏ.எஃப். இருக்கிறதா? இருந்தால், வால்வோடு அதற்கும் சிகிச்சை செய்யப்போகிறோமா? பையை அடைக்கப்போகிறோமா? இல்லையென்றால், ஏன் இல்லை? கடைசி வரிக்கு ‘இதயம் தாங்காது’ என்று எழுதினால் மறுபேச்சு இல்லை, கும்பிட்டுவிட்டு வருகிறோம். ‘பேக்கேஜில் இல்லை’ என்றால் அதையும் எழுதுங்கள். எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் பேக்கேஜ் தானாக மாறும்!

2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். நல்ல காரியம். அப்படியே ஒரு முழு நிமிடம் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியையும் பாருங்கள். தாளம் தப்பினால் ஈ.சி.ஜி.க்கு அனுப்புங்கள். விரலுக்கு டெண்டர் விட வேண்டியதில்லை.

அக்காவுக்குப் பையை அடைத்திருந்தால், மேஸ் செய்திருந்தால் பக்கவாதம் வந்தே இருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வந்திருக்கலாம். அசிட்ரோமை விட்டதுதான் பெரிய காரணமாக இருக்கலாம். ஆனால், ‘செய்யலாமா, வேண்டாமா’ என்ற ஒரு கேள்வி அந்த ஃபைலின் எந்தப் பக்கத்திலும் இல்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்குத் தெரியாது.

நண்பரைப் பார்த்த பிறகு, திரும்ப ஒருமுறை ஐந்தருவிக்குப் போனேன். மழை நின்று, அருவியில் மூன்று கிளையில்தான் தண்ணீர். கூட்டமும் குறைவு. மேலே எழுதியதையெல்லாம் அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். பாதிதான் புரிந்திருக்கும். கடைசியில், "அப்ப, மொதல்லயே கேட்டிருக்கணுமோ?" என்றார்.

"நீங்க கேட்டிருக்கணும்னு இல்லக்கா. அவங்க சொல்லியிருக்கணும்."

"அது சரி... எங்கூட பீடி சுத்துன ஒருத்திக்கு, இதே வால்வுதான், அடுத்த மாசம் ஆபரேசனுக்கு நாள் குறிச்சிருக்காங்க. அவளுக்கும் நெஞ்சு படபடன்னுதான் அடிக்கும். என்ன கேக்கணும்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க தம்பி. அவ மவன் பத்தாப்பு படிச்சிருக்கான். வாசிச்சிருவான்."

பழம் பொதிகிற செய்தித்தாள் ஒன்றின் ஓரத்தைக் கிழித்து, அந்த நாலு கேள்விகளையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இடது கையால் வாங்கி, நாலாக மடித்து, மஞ்சப்பையில் தன் ஃபைலுக்குள் செருகிக்கொண்டார்.